ஆச்சி காபி போடுவாள்

அன்புள்ள அக்கா,

வணக்கம். கலிஃபோர்னியாவின் மில்பிடாஸிலிருந்து எழுதுகிறேன். வயது 47. பையன் வெளியூரில் படிக்கப் போய்விட்டான், வீட்டில் நேரம் இருக்கிறது. பக்கத்தில் உள்ள கம்யூனிட்டி காலேஜில் ஸ்பானிஷ் முதல் இரண்டு வகுப்புகளை முடித்துவிட்டு இப்போது இன்டர்மீடியட் வகுப்பில் இருக்கிறேன். முதல் இரண்டிலும் ஏ வாங்கினேன். இதில் மூச்சு முட்டுகிறது. ஸ்பானிஷில் கடந்த காலத்துக்கு இரண்டு வடிவம்: நடந்து முடிந்ததற்குப் பிரிட்டரிட், வழக்கமாக நடந்ததற்கும் நடந்துகொண்டிருந்ததற்கும் இம்பர்ஃபெக்ட். பிரிட்டரிட்டா இம்பர்ஃபெக்டா என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் தடுக்கி விழுகிறேன். கூடப் படிப்பவர்கள் 18, 19 வயதுப் பிள்ளைகள். பலர் வீட்டில் ஸ்பானிஷ் கேட்டு வளர்ந்தவர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் பேசி முடித்துவிடுகிறார்கள். தோழிகளிடம் சொன்னால், "தோட்டம் வெட்ட வருகிறவரிடம் பேசுவதற்கா இத்தனை பாடு?" என்கிறார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

வகுப்பிலிருந்து விலகக் கடைசி நாள் நெருங்குகிறது. விலகிவிட்டுப் போனில் ஆப் வைத்தே படிக்கட்டுமா? கட்டிய 230 டாலர் போனால் போகட்டும். இந்த வயதில் மொழி ஏறுமா? உச்சரிப்புக்கு ஏதாவது வழி உண்டா? நீங்கள் இங்கே இருந்தபோது ஸ்பானிஷ் படித்ததாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் ஒரு இளம் எடிட்டரோடு போனில் சண்டை போட்டிருந்தேன். என் கதையில் "ஆச்சி விடிகாலையில் காபி போடுவாள்" என்று ஒரு வரி. அதை அவர் "போட்டாள்" என்று திருத்தி அனுப்பியிருந்தார். கதை கடந்த காலத்தில் நடக்கிறது, போடுவாள் என்பது எதிர்காலம், பிழை என்று ஓரத்தில் குறிப்பு வேறு. தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. அந்தக் கோபம் ஆறுவதற்குள் உங்கள் கடிதத்தைப் படித்தேன். நீங்கள் தடுக்கி விழுகிற இடமும் அதேதான். எப்படி என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. தோழிகள் கேலி செய்தார்கள், நானும் சிரித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் சிரித்தீர்கள்? நீங்கள் குடியிருக்கும் ஊரின் பெயர் என்ன? மில்பா என்பது மெக்சிகோவின் நாவாத்ல் மொழியில் சோளக்கொல்லை. அதன் வாலில் ஸ்பானிஷ் விகுதி ஒட்டி மில்பிடாஸ் ஆனது, குட்டிச் சோளக்கொல்லைகள். பக்கத்தில் லாஸ் காட்டோஸ், பூனைகள். பாலோ ஆல்டோ, உயர்ந்த மரம். ஒலோனிப் பழங்குடி மக்களின் அந்த மண்ணில் ஸ்பானியர்கள் 1777-ல் சான் ஹோசேயை நிறுவினார்கள். கலிஃபோர்னியா அமெரிக்காவின் கைக்கு வந்தது 1848-ல். அடுத்த ஆண்டு எழுதிய அரசியல் சட்டம், மாநிலத்தின் சட்டங்களை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் வெளியிட வேண்டும் என்றது. 1879-ல் எழுதிய அடுத்த சட்டம் ஆங்கிலம் மட்டும் போதும் என்று அதை எடுத்துவிட்டது. ஆட்சி மொழியாக இருந்து வேலைக்காரர் மொழி என்று பெயர் வாங்கிய மொழி அது. இப்படி ஒரு கதை நமக்குப் புரியாதா? தமிழில் பேசினால் மதிப்பில்லை என்று நினைக்கிறவர்களைக் கண்டால் நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்தவர் மொழி என்றால் சிரிப்பு வருகிறதா?

தோட்டம் வெட்ட வருகிறவரிடம் பேசுவதற்குத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும் நீங்கள். சொல்லிவிட்டுப் பேசவும் வேண்டும். பேசும்போது "தூ" என்று தொடங்காதீர்கள், "உஸ்தேத்" என்று தொடங்குங்கள். முன்னது நீ, பின்னது நீங்கள். "தங்கள் மேன்மை" என்ற பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து தேய்ந்து உஸ்தேத் ஆனது. அறுபது வயது மனிதரை நம்மவர்கள் கொச்சை ஸ்பானிஷில் தூ, தூ என்று கூப்பிடுவதைக் காது கூசக் கேட்டிருக்கிறேன். வேலைக்கு வருகிறவர் எவ்வளவு மூத்தவரானாலும் நீ என்று சொல்கிற வழக்கம் ஊரிலிருந்து விமானம் ஏறி அங்கேயும் வந்துவிட்டது. நீங்களாவது அதைச் செய்யாதீர்கள்.

சரி. வயதைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. இரண்டு வகுப்பு ஏறி வந்தவர் கேட்கிற கேள்வி இல்லை அது. ஆப் இருக்கட்டும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வார்த்தைகளைத் தட்டிப் பார்க்கலாம். அந்தக் கல்லூரிகளில் பாடத்தை அளக்கும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர் என்பது நான் சேர்ந்த 2014-லும் அதே 46 டாலர்தான். ஐந்து யூனிட் வகுப்புக்கு அவ்வளவு குறைந்த பணத்தில் வாரம் ஐந்து மணி நேரம் ஒரு ஆசிரியர் முகத்தைப் பார்த்து உட்கார முடிகிறதென்றால் மீதிச் செலவை மாநிலம் ஏற்கிறது என்று அர்த்தம். அதை எறிந்துவிட்டு வருகிறேன் என்பவரிடம் வேறென்ன சொல்ல.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கும் அந்த வகுப்புதான் மலையாக நின்றது. வாரத்தில் இரண்டு நாள், சாயங்காலம். ஆசிரியை மெக்சிகோவின் புவெப்லாவிலிருந்து வந்தவர். உங்கள் வகுப்பில் போலவே சின்னப் பிள்ளைகள். சிறுவயது நினைவுகளை ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார். நான் ஆச்சியைப் பற்றி எழுதினேன். திருநெல்வேலிப் பக்கத்து வீடு, கருப்பட்டி போட்ட காபி, திண்ணை, எல்லாம் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று இரவு உட்கார்ந்தேன். தாள் திரும்பி வந்தபோது எல்லா வினைச்சொல்லுக்கும் கீழே கோடு. ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "து அபுவேலா இசோ கஃபே உனா சோலா வேஸ்?" உன் பாட்டி ஒரே ஒரு தடவைதான் காபி போட்டாளா?

"இசோ" என்று எழுதியிருந்தேன். செய்தாள், முடிந்தது. எழுதியிருக்க வேண்டியது "அசீயா".

அன்றைக்கு ராத்திரி காரில் வரும்போது அந்தக் கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொன்னேன், தமிழில். ஒரு தடவையா? தினமும் போடுவாளே. விடியுமுன் எழுந்திருப்பாள், வாசல் தெளிப்பாள், அடுப்பு மூட்டுவாள், காபி போடுவாள், எங்களை எழுப்புவாள். சொல்லிக்கொண்டே போனவள் நிறுத்தினேன். நான் கடந்த காலத்தைச் சொல்கிறேன், ஆனால் ஒரு இடத்திலும் "போட்டாள்" வரவில்லை. தினம் தினம் நடந்ததைச் சொல்லத் தமிழ் தானாகவே "வாள்", "பாள்" என்று முடிகிறது. ஒருநாள் நடந்ததைச் சொல்லும்போது மட்டும் மாறுகிறது: ஒருநாள் ஆச்சி திண்ணையிலிருந்து விழுந்தாள். ஸ்பானிஷிலும் அங்கேதான் மாறும். அதுவரை இம்பர்ஃபெக்ட், விழுந்த இடத்தில் பிரிட்டரிட். "சே கயோ", விழுந்தாள்.

மூன்று வயதில் எனக்குத் தெரிந்திருந்த ஒன்றை நாற்பது வயதில் பாடப் புத்தகத்தின் அட்டவணையை வைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஏன்? நான் ஸ்பானிஷுக்கு ஆங்கிலத்தின் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். "மை கிராண்ட்மதர் மேட் காஃபி" என்று மனதில் ஓடும். அந்த "மேட்" ஒருமுறை போட்டதா, தினமும் போட்டதா? இரண்டுக்கும் அதுவேதான். ஆங்கிலத்திலும் "யூஸ்டு டு" உண்டு, "வுட்" உண்டு. ஆனால் பாதி நேரம் அதை விட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். புத்தகம் ஆங்கிலக்காரப் பிள்ளைக்கு எழுதியது. அந்தப் பிள்ளைக்கு இல்லாத பிரிவைப் புதிதாக உண்டாக்கிக் கொடுக்க அது ஆறு விதி, எட்டு விதிவிலக்கு போடுகிறது. உங்களுக்கு அந்தப் பிரிவு ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது. நீங்கள் ஏன் அந்த அட்டவணையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

"மழை பெய்துகொண்டிருந்தது, நான் வீட்டுக்கு வந்துசேர்ந்தேன்." முன்னது இம்பர்ஃபெக்ட், பின்னது பிரிட்டரிட். கொண்டிருந்தது என்று வந்தால் பெரும்பாலும் யோசிக்க வேண்டாம். "எனக்கு அது தெரிந்திருந்தது" என்றால் "சபீயா". "எனக்கு அது தெரியவந்தது" என்றால் "சூப்பே". புத்தகத்தில் இது, சில வினைகளுக்குப் பிரிட்டரிட்டில் பொருளே மாறும் என்று தனிக் கட்டம் போட்டு மிரட்டுகிற இடம். உங்களுக்கு இதில் மிரள என்ன இருக்கிறது?

தமிழ் கைவிடுகிற இடமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். "இருந்தாள்", "இருந்தது" என்பதை நாம் இரண்டுக்கும் சொல்கிறோம். ஆச்சி உயரமாக இருந்தாள், அன்றைக்கு வெயிலாக இருந்தது என்று காட்சியை விரிக்கும்போது ஸ்பானிஷில் இம்பர்ஃபெக்ட். ஆனால் "அங்கே பத்து வருஷம் இருந்தேன்" என்று கணக்கைச் சொல்லி மூடிவிட்டால் பிரிட்டரிட். இங்கே நின்று யோசியுங்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் ஓடலாம்.

இது ஒரு காலத்தோடு நிற்பதில்லை. முதல் வகுப்பில் "மே குஸ்தா எல் கஃபே" சொல்லிக்கொடுத்தபோது எத்தனை பாடுபடுத்தினார்கள், நினைவிருக்கிறதா? "காபி என்னை மகிழ்விக்கிறது" என்று தலைகீழாக யோசிக்கச் சொன்னார்கள். எதற்கு? எனக்குக் காபி பிடிக்கும். அவ்வளவுதான். "மே" என்றால் எனக்கு. "மே துவேலே லா கபேசா", எனக்குத் தலை வலிக்கிறது. என் தலை என்று நாமும் சொல்வதில்லை, அவர்களும் சொல்வதில்லை. வலிக்கிற தலை யாருடையது என்பதை அந்த "எனக்கு" சொல்லிவிடுகிறது. நான், நீ என்று எழுவாயை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டாம் என்பது உங்களுக்குப் பாடமா என்ன? போகிறேன் என்றால் போகிறவர் யார் என்று தெரிகிறது, "வோய்" என்றாலும் தெரிகிறது. அடுத்து சப்ஜங்டிவ் வரும், விருப்பத்தையும் வேண்டுகோளையும் சொல்கிற வினைவடிவம், எல்லாரும் நடுங்குவார்கள். "கே வெங்கா" என்று கேட்டால் "வரட்டும்" என்று காதில் விழ வேண்டும் உங்களுக்கு. "கே தெஸ்கான்சே", ஓய்வெடுக்கட்டும். இந்த "அட்டும்" எல்லா இடத்துக்கும் காணாது. ஆனால் கதவைத் திறந்து உள்ளே விடும்.

உச்சரிப்பைக் கேட்டிருந்தீர்கள். த-வை நம் த போலவே சொல்லுங்கள், ட வேண்டாம். ப, க சொல்லும்போது ஆங்கிலத்தில் போலக் காற்றை ஊதாதீர்கள். மகனில் வரும் க எப்படி மெலிகிறதோ அப்படியே அமிகோவின் க. நாயைச் சொல்லும் "பெறோ"வுக்கு, கறை என்று சொல்லிக்கொடுத்த தமிழ் வாத்தியாரின் அழுத்தமான ற. ஆனால் என்று பொருள்படும் "பெரோ"வுக்குக் கரையின் ர. போதும்.

அந்த 18 வயதுப் பிள்ளைகளைக் கண்டு ஏன் பயப்படுகிறீர்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. என் பக்கத்தில் ஒரு பையன் உட்காருவான். மெக்சிகோக் குடும்பம். மடமடவென்று பேசுவான், எழுதச் சொன்னால் கை நடுங்கும். பி எங்கே, வி எங்கே என்று தெரியாது. இரண்டுக்கும் அந்த மொழியில் ஒரே ஒலி என்பதால் காதால் கற்றவனுக்கு அது கண்ணைக் கட்டி விட்டதுபோல். வீட்டில் பாட்டி ஸ்பானிஷில் கேட்பாள், இவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டான். உங்கள் பையன் உங்களிடம் எந்த மொழியில் பதில் சொல்கிறான்? அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் பாதிப் பேர் உங்கள் பையனைப் போன்றவர்கள்தான், தங்கச்சி. விட்டுப்போனதைத் தேடி வந்திருக்கிறார்கள். நான் அவனுக்கு எழுத்துப் பிழை பார்ப்பேன், அவன் என் வாக்கியத்தைக் காதால் கேட்டு, "இது என் பாட்டி சொல்வது மாதிரி இல்லை" என்பான். ஏன் என்று கேட்டால் தெரியாது. உங்களையும் யாராவது "காபி போடுவாள்" ஏன் சரி என்று கேட்டால் இந்தக் கடிதத்துக்கு முன் சொல்லியிருப்பீர்களா?

ஆச்சியைப் பற்றிய கட்டுரையை நான் திரும்ப எழுதினேன். முதலில் முழுவதையும் தமிழில் எழுதினேன், அகராதி இல்லாமல், ஆச்சி பேசுகிற மாதிரியே. எழுந்திருப்பாள், தெளிப்பாள், மூட்டுவாள் என்று வரிசையாக வந்த "வாள்", "பாள்" எல்லாவற்றின் கீழும் பென்சிலில் கோடு போட்டேன். "ஒருநாள் விழுந்தாள், அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை" என்ற இரண்டை மட்டும் வட்டமிட்டேன். அப்புறம் அந்தத் தாளைப் பார்த்து ஸ்பானிஷில் எழுதினேன். ஆங்கிலத்தை அந்த அறைக்குள்ளேயே விடவில்லை. ஆசிரியை படித்துவிட்டு, கோடு எதுவும் போடாமல், காபியில் போட்ட அந்தக் கருப்புச் சர்க்கரை என்ன என்று கேட்டார். பனையிலிருந்து எடுப்பது என்றேன். அவர் ஊரில் கரும்பிலிருந்து எடுக்கிறார்கள், "பிலோன்சீயோ" என்பார்கள், மண் பானையில் காபியோடு பட்டையும் போட்டுக் கொதிக்க வைப்பார்கள் என்றார். அவருடைய பாட்டியும் போடுவாளாம்.

அடுத்த வகுப்புக்குப் போங்கள். உங்களுக்கும் சிறுவயதைப் பற்றி எழுதச் சொல்வார்கள், அந்த வகுப்பில் சொல்லாமல் விடமாட்டார்கள். முதலில் தமிழில் எழுதி எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். உங்கள் ஆச்சி காலையில் எழுந்து என்னவெல்லாம் செய்வாள் என்று நான் படிக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா