மழையும் பனியும் போன பிறகு எதைப் பிடுங்குவது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: ஐயா, எர்ணாவூரில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொஞ்ச இடத்திலும் மொட்டை மாடியிலும் செடி வளர்க்கிறேன். கார்த்திகை மழையில் பின்பக்கம் நான்கு நாள் தண்ணீர் நின்றது. அப்புறம் மார்கழி முழுக்கப் பனி. பப்பாளி இரண்டும் தலை தொங்கிவிட்டன. முருங்கை மொட்டையாக நிற்கிறது. குண்டுமல்லியில் இலை பழுத்துக் கொட்டுகிறது, பூவே இல்லை. கறிவேப்பிலையும் மஞ்சள். மாடியில் ரோஜா நுனியிலிருந்து கருகிக்கொண்டே வருகிறது, துளசி காய்ந்துவிட்டது, செம்பருத்தியில் வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கிறது. குளிர் தாங்காமல்தான் போய்விட்டது, எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வை என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். யூரியா கொஞ்சம் போட்டுப் பார்க்கட்டுமா? மல்லி என் மாமியார் வைத்தது. அதையாவது காப்பாற்ற வேண்டும்.

பதில்: அம்மா, யூரியா இப்போது வேண்டவே வேண்டாம். மல்லியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது பிழைத்துக்கொள்ளும் என்றே தோன்றுகிறது.

முதலில் குளிர் விஷயம். சென்னையில் மார்கழி, தை விடியற்காலை கூடப் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஊட்டியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுவது போல இங்கே எதுவும் கருகாது. உங்கள் தோட்டத்தைக் கெடுத்தது கார்த்திகையில் நின்ற தண்ணீர். மார்கழியில் கண்ணுக்குத் தெரிந்ததால் பழி பனி மேல் விழுகிறது.

சென்னைக்கு ஒரு வருடத்தில் பெய்யும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. எர்ணாவூர் பக்கம் மணல் பூமி, தண்ணீர் உடனே இறங்கிவிடும் என்று நினைப்போம். ஆனால் கடலும் முகத்துவாரமும் பக்கத்தில் இருப்பதால் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும். மேலே மண் காய்ந்த மாதிரி இருக்க, ஒரு அடிக்குக் கீழே வேர் இன்னும் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். வேருக்குக் காற்று வேண்டும். அது இல்லாமல் மெல்லிய வேர்கள் முதலில் சாகும், அழுகல் பூஞ்சை நுழையும், இரண்டு மூன்று வாரம் கழித்து இலை மஞ்சளாகும். பார்ப்பதற்குச் சத்துக் குறைபாடு மாதிரியே இருக்கும். அந்த நேரத்தில் யூரியா போட்டால் உறிஞ்ச வேர் இல்லாமல் உப்பாகத் தங்கி, மிச்சமிருக்கும் வேரையும் சுட்டுவிடும்.

எதையும் பிடுங்கும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். செடிக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு அடி ஆழம் தோண்டி மண்ணை முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் கீழே இன்னும் நீர் தேங்கியிருக்கிறது, சின்னதாக ஒரு வாய்க்கால் வெட்டி வடிய விடுங்கள். அடுத்து, தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டிப் பாருங்கள். அடிவரைக்கும் பச்சை இல்லையென்றால் மட்டும் பிடுங்கலாம். இலை இல்லை என்பதற்காக எதையும் பிடுங்காதீர்கள்.

இனி மல்லி. குண்டுமல்லிக்கு இது ஓய்வுக் காலம். குளிர் மாதங்களில் பழைய இலை பழுத்து உதிர்வதும் பூ நிற்பதும் அதன் இயல்பு. வயலில் பயிர் செய்பவர்கள் கார்த்திகை நடுவிலேயே தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரம் விட்டுக் கவாத்து செய்துவிடுவார்கள். நீங்கள் செய்யவில்லை, பரவாயில்லை, தை முடிவதற்குள் செய்யுங்கள். காய்ந்தது, நோஞ்சான் குச்சி, ஒன்றோடு ஒன்று உரசும் கிளை எல்லாவற்றையும் வெட்டுங்கள். மாமியார் வைத்த செடியில் கத்திரி வைக்க மனசு வராது, தெரியும். ஆனால் மல்லி புதுத் துளிரில்தான் மொட்டு விடும். வெட்டாவிட்டால் பங்குனியில் நான்கு பூ பார்ப்பதே பெரிய விஷயம். வெட்டிய பிறகு ஒரு கூடை மக்கிய எருவைக் கிளறிவிட்டு, அளவாகத் தண்ணீர் கொடுங்கள். இரசாயன உரம் போடுவதாக இருந்தால், துளிர் விரலளவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மல்லியில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெட்டிய பின் வரும் புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. நம் கடலோர மண்ணில் இது சாதாரணம். அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கலந்து பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை இலையில் தெளித்தால் சரியாகும். வெட்டிய ஒரு மாதத்தில் துளிரே வராமல் குச்சி வாடினால்தான் வேரழுகல் என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேர்ப் பகுதியில் ஊற்றுங்கள். வேரழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா போடுவதாக இருந்தால் அதற்குப் பிறகு இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். காப்பர் மருந்து அந்த நல்ல பூஞ்சையையும் பாதிக்கலாம்.

பப்பாளியை விட்டுவிடுங்கள். இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே தாங்காத மரம் அது, உங்களிடம் நான்கு நாள் நின்றிருக்கிறது. அடித்தண்டை அழுத்தினால் கொழகொழவென்று இருக்கும். வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். முருங்கையைச் சுரண்டிப் பார்த்து, அடிமரம் போயிருந்தாலும் மேலே பச்சைக் கிளை இருந்தால், மூன்றடி நீளத்தில் கைமணிக்கட்டுப் பருமனுக்குப் போத்து வெட்டி, வெட்டுவாய் ஓரிரு நாள் காய்ந்த பின் மேடான இடத்தில் நட்டுவிடுங்கள். கறிவேப்பிலை குளிரில் மந்தமாகத்தான் இருக்கும். நுனியைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரைக் குறையுங்கள், மாசியில் துளிர்க்கும்.

ரோஜாவுக்கு நுனிக்கருகல் வந்திருக்கிறது. கருப்பு முடியும் இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே, உள்தண்டு வெள்ளையாகத் தெரியும்வரை வெட்டி, காப்பர் ஆக்சிகுளோரைடைப் பசை மாதிரி குழைத்து வெட்டுவாயில் தடவுங்கள். ஒவ்வொரு செடிக்கும் கத்திரியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். துளசி கதிர் விட்டு முற்றினால் காய்வதுதான் வழக்கம், விதையை உதிர்த்து அதே தொட்டியில் தூவுங்கள். செம்பருத்தியில் இருப்பது மாவுப்பூச்சி. அப்பிய நுனிகளை வெட்டி எரித்துவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வாரம் ஒருமுறை மாலையில் தெளியுங்கள். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். பூச்சியைச் செடிக்குச் செடி தூக்கிப் போவது அதுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மழை நின்றதும் போர் தண்ணீருக்கு மாறியிருப்பீர்கள். மீஞ்சூர் பக்கம் 1960களின் இறுதியிலேயே கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறியது கண்டறியப்பட்டது. எண்ணூரை ஒட்டிய பல இடங்களில் போர் நீர் உப்புதான். நல்ல வேர் ஓரளவு தாங்கும், அடிபட்ட வேர் தாங்காது. கேன் தண்ணீர் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி, யாரிடமாவது இருந்தால் வாங்கிப் பாருங்கள். 700க்குள் இருந்தால் பயமில்லை, 1,500ஐத் தாண்டினால் ரோஜாவுக்கும் புதுத் துளிருக்கும் அந்தத் தண்ணீர் வேண்டாம். மெட்ரோ தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் ஒதுக்கி, இந்த ஒன்றரை மாதம் மட்டும் மல்லிக்கும் ரோஜாவுக்கும் கொடுங்கள். கடல் பக்கம் பார்த்த இலைகள் மட்டும் விளிம்பு கருகியிருந்தால் அது புயல் காற்றில் வந்த உப்பு. அடுத்த முறை புயல் அடங்கிய மறுநாளே நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய பாத்தியில் கீரை மிச்சமிருந்தால் சமைக்காதீர்கள், சாக்கடை கலக்காத வெள்ளம் நம் பக்கம் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் உங்கள் பகுதி வீடுகளுக்குள்ளேயே வந்தது. அப்படிப் படிந்த மண் இன்னும் ஏதாவது மூலையில் இருந்தால் அங்கே சாப்பிடும் பயிர் எதுவும் வேண்டாம். நந்தியாவட்டையோ அரளியோ வையுங்கள், அரளி உப்புக் காற்றையும் பொறுக்கும்.

பப்பாளி நின்ற குழியை வெயில் படத் திறந்து போடுங்கள். புதுப் பப்பாளியை வேறு இடத்தில், ஒன்றரை அடி மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். இப்போதே விதை போட்டால் பங்குனியில் நாற்று தயாராகும், ஐப்பசி மழைக்குள் தண்டு பலப்பட்டுவிடும். மாடித் தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடித்துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். மல்லியை வெட்டி ஒரு மாதம் கழித்து, துளிர் எந்த நிறத்தில் வந்தது என்று எழுதுங்கள். உரம் எவ்வளவு என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.