கடலூரில் கல்லூரி அணிகளுக்கு நிதி திரட்டும் விழா: எப்போது, எப்படி?

கபடி, தடகள அணிகளுக்காக முன்னாள் மாணவர்களைக் கூட்டி நிதி திரட்டுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பொங்கலை ஒட்டி வையுங்கள். வெளியூர்க்காரர்கள் ஊருக்கு வந்திருப்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம், மழையில் ஷாமியானா காசும் போய்விடும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் வண்டியே நகராது.

ஆறு வாரம் முன்பே பழைய அணிப் படங்களை வைத்துப் பெயர்ப் பட்டியல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் போட்டால் கட்டைவிரல்தான் வரும்; அந்தந்த பேட்ச் கேப்டனே போனில் கூப்பிட வேண்டும். "அணிக்கு உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஆண்கள் கபடிக் களம் 13க்கு 10 மீட்டர். ஒரு மீட்டர் சதுர மேட் என்றால் 130 துண்டு, சுற்றுப்புற இடம் தனி. பேட்சுக்கு இத்தனை துண்டு என்று பிரித்துக் கேட்டால் போட்டி போட்டுக் கொடுப்பார்கள்.

விழாவில் பழைய அணிக்கும் இப்போதைய அணிக்கும் ஒரு காட்சிப் போட்டி, பிறகு சாப்பாடு. பேச்சு பதினைந்து நிமிடம் தாண்டினால் கூட்டம் பந்திக்கு எழுந்துவிடும்.

சொதப்புவது ரசீதில்தான். பணம் வாங்கும் அறக்கட்டளைக்கு 80ஜி பதிவு (நன்கொடைக்கான வருமான வரிப் பதிவு) இருந்தால்தான் கொடுப்பவருக்கு வரிச்சலுகை. ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் அதுவும் கிடையாது. அதனால் க்யூஆர் அட்டை அறக்கட்டளைக் கணக்குக்கே போகட்டும், பி.டி. சாரின் சொந்த எண்ணுக்கு அல்ல. பான் எண்ணை அங்கேயே வாங்குங்கள். கடைக்காரர் பேனரில் விளம்பரம் கேட்டால் அது நன்கொடைக் கணக்கில் சேராது. தனி பில், ஜிஎஸ்டி பற்றி ஆடிட்டரிடம் முன்பே கேளுங்கள்.