தெரிந்தே செய்தவை

கேள்வி: பகலில் செம்பனை ஆலையில் வேலை, மாலையில் பிள்ளைகளின் டியூஷன், இரவில் கைப்பேசி என்று நாள்கள் ஓடிவிடுகின்றன. கோயிலில் நின்றாலும் மனம் நிற்பதில்லை. இந்த இரைச்சலுக்கு நடுவே, தெரியாமல் செய்த பாவங்களை உணர்ந்து இறைவனைத் தேடுவதற்கு வழி உண்டா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தெரியாமல் செய்த பாவங்களை விடுங்கள், அவற்றை இறைவன் பார்த்துக்கொள்வான். தெரிந்தே செய்தவற்றைப் பற்றி நீங்கள் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. உங்களிடம் மட்டும் காணும் குறையன்று இது. அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டும் என்று சந்நிதியில் நிற்கும் நம்மில் பலர், 'அறியாமலும்' என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டு 'அறிந்தும்' என்பதை விரைந்து கடந்துவிடுகிறோம்.

வள்ளலார் 1854இல் வெளியிட்ட 'மனுமுறை கண்ட வாசகம்' என்னும் உரைநடை நூலில், மகனின் தேர்க்காலில் கன்று மாண்டதை அறிந்து கலங்கும் சோழ மன்னன் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் நீண்டு செல்கின்றன. ஏழைகள் வயிறு எரியச் செய்தேனோ என்கிறான். பசித்தோர் முகத்தைப் பாராதிருந்தேனோ என்கிறான். தான் செய்த பாவம் எது என்று அவனுக்கும் தெரியவில்லை. ஆயினும் அவன் அதைத் தேடும் இடத்தைக் கவனியுங்கள்: அக்கேள்விகளில் பெரும்பாலானவற்றில் துன்பப்பட்ட இன்னொரு மனிதர் நிற்கிறார். அவற்றுள் ஒன்றைத் தோட்டப்புறத்தார் அனைவரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று இப்பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்: 'வேலையிட்டுக் கூலி குறைத்தேனோ.'

ரப்பர்த் தோட்டங்களின் பால்மரக் காலத்தில் பாலின் எடையைக் குறைத்து எழுதிய கிராணி என்னும் தோட்டக் கணக்கரையும், பெரட்டு என்னும் காலை வருகைப் பதிவில் பெயரை விட்டுவிட்ட கங்காணியையும் நம் பாட்டிமார் மண்ணை வாரித் தூற்றினார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களில் சிலர் இன்று செம்பனைக் குத்தகையாளர்களாகி, குலை வெட்டும் இந்தோனேசியரின் கூலியிலும் உதிரிப் பழம் பொறுக்கும் வங்காளதேசியின் கூலியிலும் கை வைக்கிறார்கள்; அந்தப் பணத்திலேயே மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு நாள் உபயமும் எடுக்கிறார்கள். இதை எழுதியபோது கோயில் பொறுப்பாளர்கள் சிலர், வருகிற உபயத்தை நான் தடுப்பதாகக் கோபித்துக்கொண்டார்கள். கோபம் இருக்கட்டும். முதலில் கூலியைக் கொடுத்துவிட்டு அதன்பின் உபயம் எடுக்கட்டும். ஒரு நாள் உபயம் நின்றால் அம்மன் பட்டினி கிடக்கமாட்டாள். ஒரு மாதக் கூலி நின்றால் கடலுக்கு அப்பால் ஒரு குடும்பம் கிடக்கும்.

பிள்ளைகளின் டியூஷனைத் தடைகளோடு சேர்த்து எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை; அது கடமை. கைப்பேசியின் கதை வேறு. 'ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின்' என்னும் குறளை வள்ளுவர் குற்றங்கடிதல் அதிகாரத்தில் வைக்கவில்லை. புறங்கூறாமையின் இறுதியில், 190ஆவது குறளாக வைத்தார். பிறர் குறையைப் பேசிப் பழகியவருக்குத் தம் குறை கண்ணில் படாது என்பதை உணர்ந்தே அவ்விடத்தில் வைத்திருக்கிறார் என்று கருதுகிறேன். எனவே புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் நீங்கள் அனுப்பியவற்றை, வேறொருவர் எழுதியதைப் படிப்பதுபோல், ஓர் இரவு அமர்ந்து படித்துப் பாருங்கள். எந்தப் பெண்ணின் பெயர், எந்த வீட்டுப் பிள்ளையின் மானம் அங்கே சிக்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அவற்றைத் தெரியாமல் செய்ததாகச் சொல்ல முடியாது.

கோயிலில் மனம் அலைவதாக எழுதியிருக்கிறீர்கள். அலைந்து அது யாரிடம் போய் நிற்கிறது? நீங்கள் சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்காத நண்பரிடமா, அப்பாவின் சேமநிதியில் பங்கு கிடைக்காமல் பேச்சை நிறுத்திவிட்ட தங்கையிடமா? தீபாராதனை நேரத்தில் ஒரே முகம் திரும்பத் திரும்ப வந்தால் அதை விரட்டாதீர்கள். இறைவனைத் தேடி வந்தவரிடம் அவன் அனுப்பிவைத்த ஆள் அவர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் காவடி எடுக்க எண்ணியிருந்தால், எடுங்கள். விரதம் தொடங்குவதற்கு முன் அந்த ஒருவரிடம் சென்று, செய்ததை உங்கள் வாயாலேயே சொல்லி, எடுத்ததைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் காலமாகியிருந்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள். தோட்டத்தை மூடிவிட்டார்கள், எல்லாரும் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள் என்று சொல்லாதீர்கள். லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டில் இருந்தவர் இப்போது எந்தத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியிருக்கிறார் என்பதை, உங்கள் ஊர்ச் சந்தையில் காய்கறி விற்கும் அக்காவைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.