பன்னிரண்டு வயதும் இருபது வயதும்

கேள்வி: அமெரிக்கக் காவல்துறை கறுப்பினச் சிறுவர்களைப் பெரியவர்களாகவே பாவித்து நடத்துகிறது என்பது மிகையான குற்றச்சாட்டா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மிகையில்லை. 2014 நவம்பர் 22 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியை வைத்திருந்த டாமிர் ரைஸுக்கு வயது 12. அவசர எண்ணை அழைத்தவர், துப்பாக்கி அநேகமாகப் போலி என்றும், வைத்திருப்பவன் சிறுவனாக இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தும், அவ்விரு தகவல்களும் ரோந்து வாகனத்திலிருந்த காவலர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வாகனம் வந்து நின்ற இரண்டு நொடிகளுக்குள் அவர்களில் ஒருவர் சிறுவனைச் சுட்டுவிட்டார். சிறுவன் மறுநாள் இறந்தான். சுட்டபின் வயர்லெஸ்ஸில் போன தகவல், கறுப்பின ஆண், வயது இருபது இருக்கலாம் என்பதாகும். எட்டு வயதைக் கூட்டிக் காட்டியது நிறம்தான் என்றே நான் கருதுகிறேன். தம்பியை நோக்கி ஓடிவந்த பதினான்கு வயது அக்காவைத் தரையில் தள்ளி, விலங்கு மாட்டி, அதே வாகனத்தின் பின்னிருக்கையில் உட்காரவைத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

2015 டிசம்பரில், வழக்குத் தொடரலாமா என்பதை முடிவுசெய்யும் குடிமக்கள் குழுவான பெருநடுவர் குழு, காவலர்கள் மீது வழக்குத் தொடர மறுத்தது. மறு ஆண்டு நகர நிர்வாகம் குடும்பத்துக்கு 60 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. சுட்டவர் 2017இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் சிறுவனின் மரணமன்று, வேலைக்கான விண்ணப்பத்தில் அவர் உண்மையை மறைத்ததுதான்.