மருந்து ஏற்றிய எம்.ஓ.எஃப். துகளுக்கு மேல் சிட்டோசன், ஆல்ஜினேட் எதற்குப் பூசுகிறார்கள்?

"மருந்துதான் துளைக்குள் இருக்கிறதே, அதற்கு மேல் பாலிமர் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.ஓ.எஃப். என்பது உள்ளே நிறைய நுண்துளைகள் உள்ள ஒரு பொருள்; சிட்டோசனும் ஆல்ஜினேட்டும் பாலிமர்கள், அதாவது நீளச் சங்கிலி போன்ற மூலக்கூறுகள். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் மருந்தாளுநர். ஆராய்ச்சியாளன் இல்லை. ஆனால் இதற்குப் பதில் எங்கள் ஆயாவின் கூழ்க் கிண்ணத்திலேயே இருந்தது.

ஆயாவுக்குச் சர்க்கரை. மெதுவாக வெளிவரும் மெட்ஃபார்மின் மாத்திரை விழுங்கப் பெரிதாக இருக்கிறதென்று, இடித்துக் காலைக் கூழில் கலந்து குடித்து வந்தார். வயிற்றைப் புரட்டுகிறது என்று என்னிடம் புகார் வேறு. அந்த மாத்திரையில் இருக்கும் பாலிமர் ஈரம் பட்டதும் ஊறி, கொழகொழவென்று மருந்தைப் பிடித்து வைக்கும். உலக்கை அந்தப் பிடியைத்தான் உடைத்தது. நாள் முழுக்கக் கசிய வேண்டியது ஒரே மூச்சில் இறங்கியது.

இப்போது எம்.ஓ.எஃப்., அதாவது உலோக-கரிமக் கட்டமைப்பு. வீடு கட்டும்போது போடும் சாரம் மாதிரி: முடிச்சுகள் உலோகம், கழிகள் கரிம மூலக்கூறுகள். நடுவில் இடம் ஏராளம். 2006இல் ஒரு பிரெஞ்சுக் குழு, மில்-101 என்ற கட்டமைப்பின் 1 கிராமில் 1.4 கிராம் ஐபுப்ரோஃபென் ஏற்றிக் காட்டியது. (அதில் இருந்த உலோகம் குரோமியம். அதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். மருந்துக்கு இரும்பு, துத்தநாகம் தேவலை.) 2025இல் வேதியியல் நோபல் கிடைத்ததிலிருந்து எல்லாரும் சாரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். சரி, ஆனால் சாரத்துக்குச் சுவர் கிடையாதே! ஓரத்தில் இருக்கும் மருந்து தண்ணீர் பட்டதுமே கொட்டிவிடும்.

இன்னொரு சிக்கல், அமிலம். துத்தநாகத்தில் செய்த ஸிஃப்-8 என்ற கட்டமைப்பு அமிலத்தில் சாரத்தோடு சரியும். புற்றுக்கட்டியைச் சுற்றி லேசான அமிலத்தன்மை இருப்பதால் அங்கே அது வசதி. வாய்வழியாகக் கொடுத்தால் வயிற்றிலேயே கதை முடிந்தது.

இங்கேதான் பூச்சு வேலை செய்கிறது. ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. எங்கள் நாட்டுக் கேப் கரையில் ஒதுங்கும் கெல்ப் என்ற பெரிய கடற்பாசியிலும் உண்டு. வயிற்று அமிலத்தில் சுருங்கி இறுகும், குடலுக்குப் போனதும் ஊதி வழிவிடும். சிட்டோசன் இறால் கறி வைத்த அன்று நாம் குப்பையில் போடும் ஓட்டிலிருந்து எடுப்பது. இது நேர்மாறு, அமிலத்தில் கரைந்துவிடும்; அதனால் வாய்வழி மருந்துக்குத் தனியாக நம்ப முடியாது. ஆனால் சிட்டோசனுக்கு நேர்மின்னூட்டம், ஆல்ஜினேட்டுக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்து ஒட்டி, துகளைச் சுற்றித் தோல் மாதிரி ஆகிவிடும். எத்தனை அடுக்கு பூசுகிறோம் என்பதை வைத்து வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

என் கடை அலமாரியில் இப்படி ஒரு மருந்தும் இல்லை. ஹாஃப்னியம் என்ற உலோகத்தில் செய்த கட்டமைப்பு ஒன்றைப் புற்றுக்கட்டிக்குள் ஊசியாகப் போட்டு, கதிர்வீச்சோடு சேர்த்து மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனை செய்திருக்கிறார்கள். அது வேறு வகை.

ஆயாவுக்கு டாக்டர் சாதாரண மெட்ஃபார்மினாக மாற்றிக் கொடுத்துவிட்டார். அதை இடித்தாலும் குற்றமில்லை. இப்போது கூழ் கசக்கிறதாம்.