வாசகர் கேள்வி: மெராபியைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு இந்தோனேசியாவின் ஜோக்ஜகர்த்தாவுக்குப் போகிறோம். பக்கத்திலேயே மெராபி எரிமலை. 2010-ல் அது வெடித்து 350 பேருக்கு மேல் இறந்தார்களாம். இரவு பகலாகக் கண்காணித்தும் ஏன் இத்தனை சாவு? நாங்கள் போகலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: கருவிகளைத் திட்டாதீர்கள் அம்மா, அவை ஒழுங்காகத்தான் வேலை செய்தன. உச்சிப் பக்கம் பிரதிபலிப்பான்களைப் பதித்து, கீழிருந்து ஒளிக்கற்றை அனுப்பித் தூரம் அளப்பார்கள். உள்ளே பாறைக்குழம்பு ஏறினால் மலை வீங்கும், தூரம் குறையும். அந்த அக்டோபர் கடைசியில் ஒரே நாளில் அரை மீட்டர் குறைந்தது. 25-ஆம் தேதி காலை உச்சகட்ட எச்சரிக்கை கொடுத்து, 10 கிலோமீட்டர் சுற்றளவை காலி செய்யச் சொன்னார்கள். மறுநாள் மாலை வெடித்தது. இவ்வளவு துல்லியமாக எல்லா எரிமலையிலும் வாய்ப்பதில்லை.

ஆனால் மலைக் காவலரான மரிஜான் தாத்தா இறங்கவில்லை. மலைக்குச் சடங்கு செய்யும் பொறுப்பு அது, ஜோக்ஜகர்த்தா சுல்தானின் அரண்மனை நியமித்தது. 2006-லும் அவர் இறங்க மறுத்தார், உயிர் தப்பினார். இம்முறை ஊரோடு எரிந்தார். முகாமுக்குப் போன பலரும் பகலில் மாட்டுக்குப் புல் போட மேலே ஏறினார்கள். மாடுகளை அரசே வாங்கிக்கொள்கிறோம் என்று அறிவிக்க வேண்டியிருந்தது! மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவன் நான், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பெரிய சாவு நவம்பர் 5 நள்ளிரவு தாண்டித்தான். தடை எல்லை ஏற்கெனவே 15 கிலோமீட்டராகியிருந்தது, அன்றிரவே அதை 20 ஆக்கினார்கள். சாம்பலும் கல்லும் சுடுவாயுவும் கலந்த மேகம் கெண்டோல் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே 15 கிலோமீட்டருக்கும் மேல் பாய்ந்தது. அதன் வேகத்துக்கு முன்னால் ஓடித் தப்ப முடியாது. அந்த எல்லை மாற்றங்கள் மட்டும் இல்லாவிட்டால் இன்னும் பல ஆயிரம் பேர் போயிருப்பார்கள்.

சரி, உங்கள் பயணம். எச்சரிக்கை நான்கு நிலை. 2020 நவம்பரில் மூன்றாம் நிலைக்கு ஏற்றியவர்கள் பல ஆண்டுகளாக இறக்கவில்லை. உச்சி ஏறும் ஆசையை விடுங்கள். மலைச்சரிவு ஊரான காலியுராங் பக்கம் ஜீப் சவாரி உண்டு, அன்றைய நிலையைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். மேலே மழை பெய்தால் ஆற்றுப் பள்ளத்தில் இறங்கவே கூடாது. பழைய சாம்பலும் பாறையும் சேறாகத் திரண்டு வரும், அதற்கு எரிமலை வெடிக்கவே தேவையில்லை. ஜீப்காரர் பரவாயில்லை என்றாலும் கேட்காதீர்கள்.