ஆக்சலாட்டல் நான்கு நாட்களாகச் சாப்பிடவில்லை. செவுளில் வெள்ளைப் படலம். என்ன நோயாக இருக்கும்?

ஈரோட்டில் மாடி வீட்டில் வளரும் எட்டு மாத ஆக்சலாட்டல் (வாழ்நாள் முழுவதும் நீரிலேயே வாழும் சாலமாண்டர் வகை) நான்கு நாட்களாக உணவைத் தொடவில்லை, செவுள்கள் முன்பக்கமாக வளைந்திருக்கின்றன, ஒரு செவுளின் நுனியில் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருக்கிறது, அவ்வப்போது மேலே மிதக்கிறது, மீன் கடையில் கொடுத்த மருந்தை ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தை இப்போதைக்கு ஊற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கு அறிகுறிகளும் நான்கு நோய்களாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் கெட்டுப்போன ஒரே காரணத்தால் நான்கும் சேர்ந்து வரக்கூடும். தண்ணீரின் வெப்பநிலையையும் அம்மோனியா அளவையும் உங்கள் கேள்வியில் நீங்கள் குறிப்பிடவே இல்லை என்பதால், அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நான் கோயம்புத்தூரில் சில ஆண்டுகளாக இவற்றை வளர்த்து வருகிறேன். திருப்பூர், கோபி, கரூர்ப் பக்கத்து நண்பர்களின் தொட்டிகளையும் பார்த்திருக்கிறேன். நோய் என்று சொல்லி என்னிடம் காட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை வெப்பத்தால் வந்தவை, அல்லது அம்மோனியாவால் வந்தவை. இந்த உயிரினத்தின் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ ஏரி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், அதாவது நம் ஊட்டியை ஒட்டிய உயரத்தில், குளிர்ந்த நீரில் வாழ்ந்து பழகியது. அதற்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை சுகம்; 20 வரை தாங்கும்; 24-ஐத் தாண்டினால் அதன் உடல் தளரத் தொடங்கும். ஈரோட்டில் சித்திரை மாத வெயில் 38, 40 என்று அடிக்கும்போது, கான்கிரீட் கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டி நீர் 30 டிகிரியை எட்டுவதில் வியப்பில்லை. ஆகவே ஒரு வெப்பமானியை வாங்கி, அதிகாலையில் ஒருமுறையும் மாலை நான்கு மணி வாக்கில் ஒருமுறையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மட்டும் பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

அடுத்தது, விலங்கின் கழிவிலிருந்தும் மீந்த உணவிலிருந்தும் நீரில் சேரும் அம்மோனியா. நிறம் மாறும் காகிதப் பட்டைகளை நம்பாமல், சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட்டை வாங்குங்கள். அம்மோனியாவும், அது சிதையும்போது உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்; கடைசியாக உண்டாகும் நைட்ரேட் 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 20 பங்கு) கீழே இருப்பது நல்லது. நம் பகுதிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. கிட் காட்டும் எண் மொத்த அம்மோனியாவைக் குறிக்கிறது. அதில் எவ்வளவு பங்கு நஞ்சாக மாறுகிறது என்பதை நீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. பிஎச் 7.4, வெப்பம் 18 டிகிரி என்றால் அந்தப் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. போர் தண்ணீரில் பிஎச் 8.2 ஆகவும், கோடையில் வெப்பம் 28 டிகிரியாகவும் இருந்தால், அதே எண்ணில் ஏறத்தாழ பத்து சதவீதம் நஞ்சு. வெளிநாட்டு வீடியோவில் ஒருவர் "0.25 இருந்தால் கவலையில்லை" என்று சொல்வது அவருடைய குளிர்ந்த நீருக்குப் பொருந்தலாம், நம்முடையதற்குப் பொருந்தாது. மேலும் தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, அதே வேளையில் விலங்கின் தேவை கூடுகிறது. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்குவதற்கு இது ஒரு காரணம். அவ்வாறு விழுங்கிய காற்றே பின்னர் அதை மிதக்கவும் வைக்கும்.

இங்கே ஒரு தவறான குற்றச்சாட்டையும் நீக்கிவிட விரும்புகிறேன். நம் ஊரில் ஆக்சலாட்டல் சோர்ந்தால் உடனே "உப்புத் தண்ணி ஒத்துக்கலை" என்று சொல்லி கேன் தண்ணீருக்கோ ஆர்ஓ தண்ணீருக்கோ மாற்றிவிடுகிறார்கள். உண்மையில் ஆக்சலாட்டலுக்கு ஓரளவு கடின நீர் பிடிக்கும். ஆய்வுக்கூடங்களில் நீரில் உப்புகளைச் சேர்த்தே வளர்க்கிறார்கள். ஆர்ஓ நீரில் தாது உப்புகள் ஏறக்குறைய இல்லாததால் பிஎச் நிலையாக நிற்பதில்லை, ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் தடுமாறுகின்றன. மென்மைக்குப் பெயர் பெற்ற எங்கள் சிறுவாணித் தண்ணீரிலேயே பிஎச்சை நிலையாக வைத்திருக்கும் திறன் குறைவு என்பதால், நான் கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்துதான் பயன்படுத்துகிறேன். குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கியைச் சேர்க்காமல் ஊற்றக் கூடாது. செவுள் இழைகளை முதலில் எரிப்பது குளோரின்தான்.

இனி உங்கள் அறிகுறிகளுக்கு வருகிறேன். செவுள்கள் முன்பக்கம் வளைவதும் வால் நுனி சுருள்வதும் விலங்கு நெருக்கடியில் இருப்பதைக் காட்டும். எதனால் என்பதைக் காட்டாது. வெப்பமும் அம்மோனியாவும் சரியாக இருந்தும் வளைந்திருந்தால், ஃபில்டரின் நீரோட்டம் வேகமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மாற்றியவுடன் செவுள்கள் பின்னோக்கித் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். செவுள் வெளிறியிருப்பதை மட்டும் வைத்து ரத்தசோகை என்று முடிவு கட்ட வேண்டாம். அசையாமல் கிடக்கும்போது வெளிறுவதும், நடமாடும்போது சிவப்பதும் இயல்பு. அதேபோல் வெள்ளை நிற வகையின் விரல் நுனிகள் கருப்பதைப் பார்த்து அழுகல் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் பருவமடைந்ததன் அடையாளம். உங்களுடையது அந்த வயதை நெருங்குகிறது.

வெள்ளைப் பஞ்சு பெரும்பாலும் பூஞ்சையாக இருக்கும். நீருக்குள் பூத்து விரிந்து தெரியும்; வெளியே எடுத்தால் ஒட்டிச் சுருங்கிவிடும். பாலாடை போல மெல்லிய ஏடாக உரிந்து மிதந்தால் அது தோல் உரிதலும் சளியும். அம்மோனியா மிகும்போது அப்படி ஆகும். பூஞ்சை இறந்த, புண்பட்ட திசுவில்தான் முதலில் பிடிக்கிறது என்பதால், புண்ணுக்கான காரணத்தைச் சரிசெய்யாமல் பூஞ்சையை மட்டும் நீக்கினால் மீண்டும் வரும்.

உணவை மறுப்பதற்கு எந்த உணவு என்பதையும் பாருங்கள். மண்புழு உரக் கிடங்கில் வாங்கிய சிவப்பு மண்புழுவானால், அது கசப்பான திரவத்தைச் சுரக்கும். ஆரோக்கியமான ஆக்சலாட்டலும் வாயில் வாங்கித் துப்பிவிடும். மஞ்சள் காட்டிலிருந்தோ வாழைத் தோட்டத்திலிருந்தோ தோண்டிய புழுவானால் பூச்சிமருந்து இருக்கக்கூடும், அதைக் கொடுக்கவே வேண்டாம். எந்த உணவைக் கொடுத்தாலும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால்தான் அது பசியின்மை. நன்கு வளர்ந்த ஒன்று இரண்டு வாரம் பட்டினி கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும், எனவே வாயைத் திறந்து திணிக்க வேண்டாம்.

மிதப்பதில்தான் கவனமாகப் பிரித்தறிய வேண்டும். மிதந்துவிட்டுத் தானாக அடிக்குப் போக முடிந்தால் விழுங்கிய காற்றுதான், கவலையில்லை. போக முயன்றும் முடியாமல் பின்பகுதி தூக்கியபடி இருந்தால், கடைசியாக எப்போது மலம் கழித்தது, தொட்டியில் கூழாங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். இவை உணவை உறிஞ்சி விழுங்குபவை என்பதால் தலையைவிடச் சிறிய கல் எதுவும் வயிற்றுக்குள் போய்விடும். கல் அடைத்திருந்தால் எக்ஸ்ரேயில்தான் உறுதியாகத் தெரியும். உடல் முழுவதும் இருபுறமும் சமமாக நீர் கோத்து ஊதி, தோல் இழுபட்டுத் தெரிந்தால் அது உள்ளுறுப்புக் கோளாறு. வீட்டு வைத்தியத்தில் தீராது. தோலில் சிவப்புத் திட்டுகளோ ரத்தக் கோடுகளோ தோன்றி, தொட்டாலும் அசையாமல் கிடந்தால் ரத்தத்தில் பாக்டீரியா கலந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். உணவு வைக்கும் தரத்திலான, வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு பிளாஸ்டிக் டப்பில் குளோரின் நீக்கிய தண்ணீரை, விலங்கின் உடல் மூழ்கி, கால்கள் தரையில் ஊன்றும் அளவு ஊற்றி, அதை அதில் விடுங்கள். தொட்டியில் இருக்கும் வெப்பத்திலேயே தொடங்கி, குளிர்ந்த நீர் பாட்டில்களை வைத்து, சில மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாக 18-க்குக் கொண்டு வாருங்கள். ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்; 28 டிகிரியிலிருந்து ஒரேயடியாக 6 டிகிரிக்குத் தள்ளுவது அதற்கு இன்னொரு அதிர்ச்சி என்பதால் நான் அதை ஏற்பதில்லை. டப் தண்ணீரை நாள்தோறும் முழுவதுமாக மாற்ற வேண்டும். பூஞ்சைக்கு, அயோடின் கலக்காத கல் உப்பை லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் கரைத்து, தனிப் பாத்திரத்தில் பத்து நிமிடம் வைத்து எடுத்து விடலாம்; பதினைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. துடிக்கத் தொடங்கினால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

கடைக்காரர் கொடுத்த மருந்தின் லேபிளில் தாமிரம், மலக்கைட் கிரீன், ஃபார்மலின் ஆகியவற்றில் எது இருந்தாலும் அது ஆக்சலாட்டலுக்கு ஆகாது. மீனுக்குச் செதில் உண்டு. இதற்கு நீரை ஊடுருவ விடும் மெல்லிய தோல் மட்டுமே. ஈரோட்டுக்காரரிடம் சொல்வதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: மஞ்சள் தூளும் போட வேண்டாம்.

டப்பில் இருக்கும் நாட்களில் தொட்டியைக் குளிர்விக்கும் வழியைத் தேடுங்கள். தொட்டியின் மேல் வைக்கும் சிறு ஃபேன் வறண்ட கோடையில் மூன்று, நான்கு டிகிரி குறைக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அவ்வளவு குறைக்காது. அறையே 34 டிகிரி இருக்கும்போது ஃபேனை நம்ப முடியாது என்பதால், நீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர் வேண்டும் அல்லது இருபத்து நான்கு மணி நேரமும் ஏசி ஓடும் அறை வேண்டும். இரண்டும் இயலாதவர்கள் கரூர், ஈரோடு வெயிலில் இதை வளர்ப்பது சரியல்ல என்பது என் கருத்து. இது, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள இனம் என்பதால், 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்வதையும் முடித்துவிடுங்கள்.

மூன்று நாட்களில் செவுள் திரும்பவில்லை, பஞ்சு பரவுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். நம் பக்கத்து மருத்துவர்களில் பெரும்பாலோர் மாடு, ஆடு, கோழி பார்ப்பவர்கள் என்பதால், நேராகப் போய் நிற்காமல், நீர்வாழ் அல்லது அயல்நாட்டுச் செல்லப்பிராணிகளைப் பார்ப்பவர் யார் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். வெப்பமும் டெஸ்ட் கிட் எண்களும் தேதிவாரியாக எழுதிய தாள், தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டில், மலத்தின் புகைப்படம், ஊற்றிய மருந்து ஏதாவது இருந்தால் அதன் லேபிள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். விலங்கை மூடியுள்ள டப்பில் பாதியளவு நீரோடு வைத்து, அந்த டப்பைத் தெர்மகோல் பெட்டிக்குள் இறக்கி, துணி சுற்றிய ஐஸ் பாட்டிலை டப்புக்கு வெளியே வைத்து, வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.